மாமியார் கையில் எண்ணெய் தெறித்த அன்று எங்கள் முதலுதவிப் பெட்டிக்குள் என்ன இருந்தது

எட்டாம்_மாடி (உட்லண்ட்ஸ்)

எல்லாருக்கும் வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை இங்கே சிங்கப்பூரில் எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்லிவிட்டுக் கேள்விக்கு வருகிறேன்.

மாமியார் மெதுவடை சுட்டுக்கொண்டிருந்தார். மாவில் தண்ணீர் கூடிவிட்டது என்று அவரே முணுமுணுத்துக்கொண்டிருந்தபோதுதான் வடை ஒன்று வெடித்தது. இடது முன்கையில் ஒரு தீப்பெட்டி அளவுக்கு எண்ணெய் பட்டுவிட்டது. பெரிய காயம் என்று சொல்ல முடியாது. ஆனால் அவருக்கு வயது 71, நீரிழிவு வேறு. நான் ஓடிப்போய் பாம் ஷெல்டரைத் (வீட்டுக்குள்ளேயே இருக்கும் பதுங்கறை, எங்களுக்குச் சாமான் அறை) திறந்தேன். முன்னால் அரிசி மூட்டை, அதன்மேல் தீபாவளி விளக்குப் பெட்டி, பின்னால் மகனுடைய பழைய சைக்கிள். அத்தனையையும் வெளியே இழுத்துப் போட்டு முதலுதவிப் பெட்டியோடு சமையலறைக்குத் திரும்புவதற்குள் அவர் தாமே பற்பசையை எடுத்துத் தடவிவிட்டார்.

பெட்டியைத் திறந்தால் 2019இல் காலாவதியான மஞ்சள் மருந்து. தோலில் ஒட்டாமல் தன் உறையோடே ஒட்டிக்கொள்ளும் பிளாஸ்டர்கள். பாதி காலியான கோடாலித் தைலம். எப்போதோ யாரோ வைத்த ஊசியும் நூலும். கத்தரிக்கோல் வைப்பதற்கு அழகாக ஒரு பள்ளம் இருந்தது, கத்தரிக்கோல்தான் இல்லை. அது மகனின் பென்சில் பையில் இருந்ததை மறுநாள் கண்டுபிடித்தேன்.

வீட்டில் நாங்கள் நான்கு பேர். கணவருக்குப் பாதி நாள் இரவு வேலை. மகனுக்கு 6 வயது. பணிப்பெண் கிடையாது, பகலில் பெரும்பாலும் மாமியாரும் மகனும் மட்டும்தான். மருந்துக்கடையில் சிவப்புப் பை ஒன்று பார்த்தேன், நாற்பது வெள்ளி (டாலர்), உள்ளே நூறு பொருள் என்று போட்டிருக்கிறது. அதை வாங்கிவிடலாமா, நானே சேர்ப்பதா? தீயணைப்பு, ஆம்புலன்ஸ் பார்க்கும் குடிமைத் தற்காப்புப் படை சொல்லும் அவசரகாலப் பையும் இதுவும் ஒன்றா, வேறு வேறா?


தேக்கா_ஆச்சி

கை இப்போது எப்படி இருக்கிறதம்மா? மாமியாரைத் திட்டாதே. எனக்கு நீராவி அடித்தபோது நான் தோசை மாவை அப்பிக்கொண்டு பலதுறை மருந்தகத்துக்குப் போனவள். அந்தத் தாதி மாவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கழுவி எடுக்க அரை மணி நேரம் ஆயிற்று. சுட்ட வலியைவிட அந்த வலிதான் இன்னும் நினைவில் இருக்கிறது. ஒன்றும் தடவாமல் வந்திருக்கலாமே பாட்டி என்று கடைசியில் சொன்னாள்.


துவாஸ்_பட்டறை

தங்கச்சி, முதலில் கையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இனி ஒரு முறை நடந்தால் (நடக்க வேண்டாம்) பெட்டியைத் தேடி ஓடாதீர்கள். தீப்புண்ணுக்குக் குழாய்தான் மருந்து. அடுப்பை அணைத்துவிட்டு, கையைக் குழாயடியில் பிடித்து, சாதாரணத் தண்ணீரை 20 நிமிடம் ஓடவிடுங்கள். ஐஸ் கூடாது, வெண்ணெய் கூடாது, பற்பசை கூடவே கூடாது. வீக்கம் வருவதற்கு முன்பே வளையல், மோதிரத்தைக் கழற்றிவிட வேண்டும், அப்புறம் கழற்ற வராது. பிறகு மிச்சச் சாப்பாட்டை மூடுவோமே, அந்த மெல்லிய பிளாஸ்டிக் தாள், சுருளின் முதல் சுற்றை வெட்டிப் போட்டுவிட்டு அடுத்த துண்டைக் காயத்தின் மேல் சும்மா படுக்க வையுங்கள். கையைச் சுற்றி இறுக்கக் கூடாது. கொப்புளத்தை உடைக்காதீர்கள். நீரிழிவுக்காரர் என்பதால் காயம் சின்னதாகத் தெரிந்தாலும் அன்றைக்கே மருத்துவரிடம் காட்டிவிடுவது நல்லது.

இனிப் பெட்டி. நான் கப்பல் பட்டறையில் 14 வருடமாகப் பாதுகாப்பு வேலையில் இருக்கிறேன். இங்கே 25 பேருக்கு மேல் வேலை செய்யும் இடத்தில் பயிற்சி எடுத்த முதலுதவியாளர் இருக்க வேண்டும் என்பது சட்டம். அந்தப் பயிற்சியை நானும் எடுத்தேன், சான்றிதழ் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறேன். ஆனால் பெட்டி என்றால் என்ன என்று எனக்குப் புரிந்தது ஒரு மதியச் சாப்பாட்டு நேரத்தில்தான்.

அப்போது வேறொரு பட்டறை. சிவகங்கைப் பக்கத்துப் பையன் ஒருவன் இரும்பைத் தேய்க்கும் கிரைண்டர் பிடித்துக்கொண்டிருந்தான். தட்டு உடைந்து முன்கையில் இறங்கிவிட்டது. இருபதடி தள்ளி, வெயிலில் நிற்கும் கன்டெய்னரின் வெளிச்சுவரில், வெள்ளைப் பெட்டியில் பச்சைச் சிலுவை. ஓடினேன். பூட்டு! பிளாஸ்டர் திருடு போகிறது என்று பூட்டியிருக்கிறார்கள். சாவி ஸ்டோர்காரரிடம், ஸ்டோர்காரர் கேன்டீனில். சுத்தியலால் தட்டித் திறந்தேன். கையுறைகள் வெயிலில் வெந்து ஒன்றோடொன்று ஒட்டிப்போய், இழுத்தால் பழைய ரப்பர் பேண்ட் மாதிரி அறுகின்றன. கத்தரிக்கோலைக் கேபிள் டை வெட்ட எவனோ எடுத்துப் போயிருக்கிறான். ரத்தத்தை உறிஞ்சும் காஸ் துணி இரண்டே பொட்டலம். இரண்டும் நிமிடத்தில் ஊறிவிட்டன. கடைசியில் என் முழுக்கைச் சட்டையைக் கழற்றி, மடித்து, அழுத்திப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஆம்புலன்ஸ்காரர்கள் வந்து என் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட வேண்டியிருந்தது. பையன் பிழைத்தான், இப்போது ஊரில் ஜேசிபி ஓட்டுகிறான், பொங்கலுக்குப் பொங்கல் கூப்பிடுவான்.

அதனால்தான் சொல்கிறேன், உங்கள் வீட்டில் மருந்து பழையதாக இருந்தது இரண்டாவது கோளாறுதான். முதல் கோளாறு அந்த அரிசி மூட்டை. பெட்டியைப் பாம் ஷெல்டரிலிருந்து வெளியே கொண்டுவாருங்கள். அடுப்புக்கு மேலே வேண்டாம், குளிர்சாதனப் பெட்டியின் தலையிலும் வேண்டாம், அங்கேயும் சூடு ஏறும். பிளாஸ்டரின் பசையை முதலில் கெடுப்பது சூடுதான். சமையலறைக்கு வெளியே ஓர் ஆணியில், மாமியாரின் கைக்கு எட்டுகிற உயரத்தில் தொங்கட்டும். கத்தரிக்கோலைப் பெட்டியோடு ஒரு முழக் கயிற்றில் கட்டிவிடுங்கள். என் வீட்டில் என் மனைவி சிரித்தார், ஆனால் 9 வருடமாக அது அங்கேயே இருக்கிறது.

நூறு பொருள் பையை வாங்குவதில் தப்பில்லை, பை நன்றாக இருக்கும். உள்ளே எண்ணிப் பாருங்கள். நான் ஒன்றை எண்ணினேன், அறுபதுக்கு மேல் பிளாஸ்டர், மிச்சத்தில் பாதி ஊக்கு. பிளாஸ்டர் போடுகிற காயத்துக்குப் பெட்டியே தேவையில்லை. பெட்டி வேண்டியது ரத்தம் நிற்காத காயத்துக்கு. அதற்குக் காஸ் வேண்டும், நீங்கள் நினைப்பதைப் போல மூன்று பங்கு வேண்டும். 10 செ.மீ. சதுரத்தில், தனித்தனி உறையில் வருவது, இருபதாவது வையுங்கள். காயத்தின் மேல் வைத்து அழுத்துங்கள். நின்றுவிட்டதா என்று தூக்கிப் பார்க்காதீர்கள், தூக்கினால் உறைந்தது பிய்ந்து வந்துவிடும். ஊறினால் அதன்மேலேயே இன்னொன்று. வீட்டில் பெரியவர்களே செய்யும் தப்பு இந்தத் தூக்கிப் பார்ப்பதுதான்.

அதற்கப்புறம், 7.5 செ.மீ. கிரேப் பேண்டேஜ் இரண்டு, காகித டேப் ஒன்று, நைட்ரைல் கையுறை நாலு ஜோடி (ஜோடி ஜோடியாகச் சின்ன ஜிப் பையில் போட்டால் ஒட்டாது), கழுவுவதற்குச் சலைன் (சுத்தமான உப்பு நீர்). சலைன் பெரிய போத்தல் வேண்டாம், திறந்துவிட்டால் அது சுத்தமில்லை. முறுக்கித் திறக்கும் சின்னக் குப்பிகள் பத்து வாங்குங்கள். சிராய்ப்பு, கண்ணில் தூசி எல்லாவற்றுக்கும் அதுவே போதும். முட்கிள்ளி, வெப்பமானி. கையைத் தொங்கவிட முக்கோணத் துணி விற்கிறார்கள், பழைய வேட்டியைக் கிழித்தாலும் அதேதான். பஞ்சு வேண்டாம், நார் காயத்தில் ஒட்டிக்கொண்டு படுத்தும்.

எங்கள் வேலையிடப் பெட்டியில் மாத்திரை வைப்பதே இல்லை. நீங்களும் மாத்திரைகளைத் தனிப் பையில், 6 வயதுக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். ஒன்று மட்டும் இந்த ஊருக்காகச் சொல்கிறேன். காய்ச்சல் என்றால் இங்கே எப்போதும் டெங்கி சந்தேகம் உண்டு. அது இல்லை என்று தெரியும்வரை பாரசிட்டமால் மட்டும். ஆஸ்பிரின், இபுப்ரோஃபென் இரண்டும் ரத்தக் கசிவைக் கூட்டும். பிள்ளைகளுக்கு ஆஸ்பிரின் எப்போதுமே வேண்டாம்.

எல்லாவற்றையும்விட, பெட்டி மூடியின் உள்பக்கம் ஒரு அட்டை ஒட்டுங்கள். பெரிய எழுத்தில் ஆம்புலன்ஸ் எண் 995. கீழே உங்கள் புளோக் எண், வீட்டு எண், ஆறு இலக்க அஞ்சல் குறியீடு. சிரிக்காதீர்கள். என் மாமியாருக்கு இங்கிருந்து தேக்காவுக்கு எத்தனையாம் நம்பர் பேருந்து என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார், அஞ்சல் குறியீடு தெரியாது. உயிருக்கு ஆபத்தில்லாத, ஆனால் நடக்க முடியாத நிலைக்கு 1777 என்று ஓர் எண் உண்டு, அதையும் எழுதுங்கள். 995 கூப்பிட்டால் அவர்கள் வைக்கச் சொல்லும்வரை தொலைபேசியை வைக்கக் கூடாது, இதயம் நின்றவருக்கு நெஞ்சழுத்தம் எப்படிக் கொடுப்பது என்றுகூட அவர்கள் அழைப்பிலேயே சொல்லித் தருவார்கள். பக்கத்து வீட்டுக்காரர் ஒருவரைக் கீழ்த்தளத்துக்கு அனுப்பி மின்தூக்கியைப் பிடித்து வைக்கச் சொல்லுங்கள். எட்டாம் மாடிக்கு அது பெரிய உதவி.

அவசரகாலப் பை வேறு. இது காயத்துக்கு, அது வீட்டை விட்டுக் கிளம்ப. டார்ச், மின்கலம், விசில், அன்றாட மருந்து, மாற்றுத் துணி, ஆவண நகல்கள் தண்ணீர் புகாத உறையில், கைத்தொலைபேசி மின்னூட்டி, என்95 முகக்கவசம், இதெல்லாம் அதில் வரும். 2013 ஜூனில் புகைமூட்டத்தில் காற்று மாசுக் குறியீடு 401ஐத் தொட்டபோது முகக்கவசத்துக்குக் கடை கடையாக அலைந்தவன் நான், அதனால் ஒரு பெட்டி எப்போதும் வைத்திருக்கிறேன். ஆனால் பழையதின் ரப்பரை இழுத்துப் பார்த்துவிட்டு வையுங்கள். டார்ச்சில் மின்கலத்தைப் போட்டே வைத்தால் ஒழுகிக் கெட்டுவிடும், வெளியே டேப்பால் கட்டி வையுங்கள். நெற்றியில் மாட்டும் விளக்கு இன்னும் நல்லது. 2018 செப்டம்பரில் நள்ளிரவு 1 மணிக்குமேல் பல வட்டாரங்களில் மின்சாரம் போனதே, 38 நிமிடம்தான், அதற்குள் என் மகள் இருட்டில் நாற்காலியில் இடித்துக் கால் விரல் நகத்தைப் பெயர்த்துக்கொண்டாள். ஒரு கையில் டார்ச், ஒரு கையில் அவள் கால், கட்டுப் போட மூன்றாவது கை இல்லை.

போதும், பணி நேரம் வந்துவிட்டது.


எட்டாம்_மாடி (உட்லண்ட்ஸ்)

அண்ணே, மிக்க நன்றி. உங்கள் பதிவை மாமியாருக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். 20 நிமிடம் குழாயைத் திறந்து வைப்பதா, தண்ணீர்க் கட்டணம் யார் கட்டுவது என்றுதான் முதலில் கேட்டார். கை பரவாயில்லை ஆச்சி, மருந்தகத்தில் காட்டினோம், கொப்புளம் வற்றிவிட்டது.

ஒரு சந்தேகம். மறதி எனக்குப் பெரிய வியாதி. காலாவதி தேதியை எப்படி நினைவில் வைப்பது?


துவாஸ்_பட்டறை

பிப்ரவரி 15, முழுமைத் தற்காப்பு தினம். மாலை 6.20க்குத் தீவு முழுக்க எச்சரிக்கைச் சங்கு ஊதும். 1942இல் பிரிட்டிஷார் ஜப்பானியரிடம் சரணடைந்த நேரம் அது. சங்கு கேட்டதும் என் வீட்டில் பெட்டியைக் கூடத்தில் கவிழ்த்துவிடுவோம். இன்னொரு தரம் தீபாவளிக்கு வீடு கழுவும்போது. வருடத்துக்கு இரண்டு முறை, அவ்வளவுதான்.


செங்காங்_மகள்

நான் அம்மாவைப் பார்த்துக்கொள்பவள், அவருக்கு 16 வருட நீரிழிவு. அண்ணன் மாத்திரைப் பையைச் சீக்கிரம் தாண்டிவிட்டார், அதனால் அதை மட்டும் நான் சொல்கிறேன்.

உங்கள் மாமியார் சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர் என்றால், வீட்டில் அவசரம் என்பது பெரும்பாலும் ரத்தமாக வராது. ரத்தத்தில் சர்க்கரை இறங்கி, வியர்வையாக வரும். கை நடுங்கும், பேச்சு குழறும், சில சமயம் வெறும் எரிச்சலாக மட்டும் தெரியும். அம்மா ஒருநாள் மதியம் காரணமே இல்லாமல் என்னைத் திட்டிக்கொண்டிருந்தார், எனக்கும் கோபம் வந்துவிட்டது. பிறகு அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்தார், சேலை நனைந்திருந்தது. சோதித்தால் சர்க்கரை 3.1, மிகவும் குறைவு.

நினைவோடு, விழுங்க முடிகிற நிலையில் இருந்தால் 15 கிராம் சர்க்கரை கொடுக்க வேண்டும், 15 நிமிடம் கழித்து மறுபடி சோதிக்க வேண்டும். மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்தால் கிட்டத்தட்ட அந்த அளவு வரும். மருந்துக்கடையில் குளுக்கோஸ் மாத்திரையும் கிடைக்கும். நினைவில்லை என்றால் வாயில் எதுவும் ஊற்றக் கூடாது, 995தான்.

இதில் நான் ஏமாந்த கதை ஒன்று உண்டு. அவசரத்துக்கென்று குளிர்சாதனப் பெட்டியில் ஒரு பான டின் எப்போதும் வைத்திருப்பேன். 2022 டிசம்பர் 30இலிருந்து பானங்களில் ஏ, பி, சி, டி என்று தர முத்திரை வந்தது இல்லையா, நான் நல்ல பிள்ளையாகப் பச்சை ஏ பார்த்து வாங்க ஆரம்பித்தேன். ஏ என்றால் 100 மில்லியில் சர்க்கரை ஒரு கிராமுக்கு மேல் இல்லை! அன்றைக்கு அம்மா முழு டின்னையும் குடித்தார், எண் அசையவே இல்லை. இப்போது அவருக்கென்று, சர்க்கரை அதிகமான டி முத்திரை டின் ஒன்றைத் தேடிப்பிடித்து வாங்கி, அதன்மேல் பேனாவால் 'அம்மா மட்டும்' என்று எழுதி வைக்கிறேன். காசாளர் ஒருமுறை என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

அண்ணன் சொன்ன அட்டைக்குப் பின்பக்கம் மாமியாரின் மருந்துப் பட்டியலையும் அளவோடு எழுதுங்கள், ஒவ்வாமை இருந்தால் சிவப்பில். தமிழில் ஒன்று அவருக்கு, ஆங்கிலத்தில் ஒன்று ஆம்புலன்ஸ்காரர்களுக்கு. மருத்துவர் மருந்தை மாற்றிய அன்றே அட்டையையும் மாற்ற வேண்டும். பழைய பட்டியல் இருப்பதைவிட இல்லாமலிருப்பதே மேல்.

பாம் ஷெல்டரில் அந்துருண்டை போட்டிருந்தால் பெட்டியை எடுக்கும்போது அதையும் பாருங்கள். என் தம்பி மகனுக்கு ஜி6பிடி குறைபாடு (சில பொருள்களால் ரத்த அணுக்கள் உடைந்துபோகும் பிறவிக் குறைபாடு), அந்துருண்டை அவனுக்கு ஆகாது. அதைப் பிறந்தபோதே மருத்துவமனையில் எழுதிக் கொடுத்திருந்தும் நாங்கள் யாரும் கவனிக்கவில்லை.


கடற்பாலம்_பயணி

நான் மாதம் இரண்டு முறை கடற்பாலம் வழியாகக் காரில் மலேசியாவின் ஜொகூருக்குப் போகிறவன். சின்னக் குறிப்பு. நீண்ட வார இறுதியில் கடற்பாலத்தில் நாலு மணி நேரம் நின்றிருக்கிறேன், பின் இருக்கையில் பிள்ளை வாந்தி. தொட்டியில் பெட்ரோல் முக்கால் இருக்கிறதா என்று பார்ப்போம், தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்க மாட்டோம். பிளாஸ்டிக் பை, ஈரத்தாள், உப்புக் கரைசல் பொட்டலம், ஒரு போத்தல் தண்ணீர். காரிலேயே மாத்திரை வைக்காதீர்கள், நிறுத்திய காருக்குள் எவ்வளவு சூடு என்று தெரியும்தானே. போகும்போது எடுத்து, வந்ததும் வீட்டில் வையுங்கள்.

இன்னொன்று, ஐம்பது வெள்ளி சில்லறை நோட்டாக அவசரப் பையில் இருக்கட்டும். மின்சாரம் போனால் கைத்தொலைபேசியில் காசு கட்ட முடியாது.


எட்டாம்_மாடி (உட்லண்ட்ஸ்)

எல்லாருக்கும் நன்றி. முடித்த கதையைச் சொல்லிவிடுகிறேன்.

சிவப்புப் பையை வாங்கவில்லை. பழைய பெட்டியையே கழுவி, வெளிச்சமாக ஆரஞ்சு டேப் சுற்றி, சமையலறை வாசலுக்கு வெளியே மாட்டிவிட்டேன். காஸ் இருபத்து நான்கு. கத்தரிக்கோல் கயிற்றில். அட்டை தமிழில் ஒன்று, ஆங்கிலத்தில் ஒன்று. டி முத்திரை டின்னுக்கு மூன்று கடை ஏறி இறங்கினேன்.

குடிமைத் தற்காப்புப் படையின் மைரெஸ்பாண்டர் என்ற கைத்தொலைபேசிச் செயலியை இறக்கிப் பார்த்தோம். நின்ற இதயத்துக்கு அதிர்ச்சி கொடுக்கும் ஏஇடி கருவி எங்கள் புளோக்கில் இல்லை, எதிர் புளோக்கின் மின்தூக்கி வாசலில் இருக்கிறது. இரண்டு வருடமாக அதைத் தாண்டித்தான் மகனைப் பள்ளிக்கு அழைத்துப் போகிறேன், ஒரு நாளும் கண்ணில் பட்டதில்லை. மகன்தான் ஓடிப்போய்க் கண்டுபிடித்தான். இப்போது போகிற வருகிறவர்களுக்கெல்லாம் காட்டிக்கொண்டிருக்கிறான்.

நேற்று இரவு விளக்கையெல்லாம் அணைத்துவிட்டு, பெட்டியை எடுத்து வா என்று அவனிடம் சொன்னோம். கணவர் கைக்கடிகாரத்தில் பார்த்தார், 22 விநாடி. மாமியாருக்கு 40. பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு அஞ்சல் குறியீட்டை எழுத்துக்கூட்டி இரண்டு முறை படித்தார். காலையில் சரிபார்க்கத் திறந்தேன், காஸ் பொட்டலங்களுக்கு நடுவே அந்தப் பாதி கோடாலித் தைலம் திரும்பவும் உட்கார்ந்திருக்கிறது. எடுக்கச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.